ஒரே

ஜூன் 4

அன்புள்ள அகராதிக்காரருக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று கோபத்தோடுதான் எழுதுகிறேன். பெரியவளை அழைத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் ஏன் அக்கா வீட்டுக்குப் போனாய் என்று கேட்டிருந்தீர்கள்.

புது வீட்டு மாடிப்படியில், எத்தனை பிள்ளைகள் என்று கீழ்வீட்டு அம்மா கேட்டார். "ஒரே பொண்ணு" என்றீர்கள். ஒரு பெண் என்றிருந்தால்கூட வாய் தவறியது என்று விட்டிருப்பேன். அந்த 'ஏ' எதற்கு? காய்ச்சலில் போன நம் சின்னவனை ஓர் எழுத்தால் பிறக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டீர்களே.

உங்கள் நீலச் சட்டை சலவைக் கடையில் இருக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் அம்மா

ஜூன் 11

அன்புள்ளவளுக்கு,

சட்டையை வாங்கிவிட்டேன். ஒரு பொத்தானைக் காணோம்.

அலுவலகத்தில் இந்த வாரம் எண்ணுச் சொற்கள். அவை பெயர்ச்சொல்லா, பெயரடையா, தனி வகையா என்று அகராதியின் பதிப்பாசிரியருக்கும் எனக்கும் இழுபறி. 'ஒன்று' தனியாக நிற்கும். 'ஒரு' நிற்காது, பின்னால் ஒரு பெயர் வந்தாக வேண்டும். அதனால் பெயரடை என்கிறேன் நான். 'ஒரே'வுக்கு வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை.

இரண்டு என்று சொன்னால், "இன்னொருத்தர் என்ன பண்றாரு?" என்று அடுத்த கேள்வி வரும். படியில் நின்றுகொண்டு அதற்கு என்ன பதில் சொல்வேன்? பயந்துதான் அப்படிச் சொன்னேன். இன்னமும் பயமாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்து உங்கள் இருவரையும் அழைத்துப் போகிறேன். பெரியவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

உன்னவன்

ஜூன் 15

அன்புள்ளவருக்கு,

சாப்பிடுகிறாள். சின்னவனே இல்லையென்றால் அவள் யாருக்குப் பெரியவள்?

நேற்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, எத்தனை பிள்ளைகள் என்று அதே கேள்வியைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"நாங்க ரெண்டு பேர். தம்பி செத்துட்டான்."

அவர் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, தம்பி எப்படி இருப்பான் என்று விசாரித்தார். இறங்கும்வரை அவன் பேச்சுத்தான். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு அதுதான் சரி என்று அடம்பிடிப்பானே, அதையெல்லாம் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று.

உங்கள் மேல் இப்போது கோபம் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். இங்கே சின்னவனோடு சேர்த்து நாங்கள் மூன்று பேர். அங்கே வந்தால் உங்களையும் சேர்த்து மூன்று பேர்தான் என்றால், யாரை விட்டுவிட்டு வருவது?

பிள்ளைகளின் அம்மா