கேட்டது ஒரே ஒரு ஜிபியு

ஜூலை 21, திங்கள்

ஆடிக் காற்று. அருள்புரம் முழுக்கப் புழுதி. ஜன்னலைச் சாத்தினால் வேகிறது, திறந்தால் வாயெல்லாம் மண்.

இணையம் வழியாகக் கம்ப்யூட்டரை வாடகைக்கு விடும் கிளவுட் கம்பெனியிடமிருந்து பதில். நான் கேட்டது ஒரே ஒரு ஜிபியு, அதுவும் வாடகைக்கு. "தற்போது உங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை. முதலில் எங்கள் சேவையைப் பயன்படுத்தி வாருங்கள்." கொடுத்தால்தானே பயன்படுத்த? நாசமாய்ப் போக.

பனியன் கம்பெனி முதலாளிக்கு மூன்றாம் முறையாக விளக்கம். டி-சர்ட்டில் ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக்கோடு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்க வேண்டுமானால் ஆறாயிரம் படங்களைக் காட்டிப் பழக்க வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டால் தீபாவளிக்கும் முடியாது. ஜிபியு என்கிற வேகமான சிப் இருந்தால் ஒரே நாள்.

"அந்த ஆபீஸ் எங்க இருக்குது அம்மிணி? பெங்களூரா? காலைல கார எடுத்தா மத்தியானம் போயிரலாம். யாரப் பாக்கோணும்னு மட்டும் சொல்லு."

"பாக்கறதுக்கு ஆளே இல்லீங் சார். ஃபார்ம் மட்டும்தானுங்க."

"ஆளில்லாத ஆபீஸா? எங்கைய்யன் காலத்துல எக்ஸ்போர்ட் கோட்டாவே ஆளப் பாத்துத்தான் வாங்குனோம்."

பக்கத்தில் உட்கார்ந்து மச்சினன் சிரித்தான். முதலாளி மனைவியின் தம்பி, கம்பெனிக் கணக்கைப் பார்ப்பவன். பெயரை எழுதக் கை கூசுகிறது. அவனுக்கு வேண்டிய ஆள் ஒருத்தன் ரெடிமேட் செக்கிங் மெஷின் விற்கிறானாம். அதை இங்கே தள்ளிவிடப் பார்க்கிறான்.

கெடு: ஆகஸ்ட் 1, வெள்ளி. அன்று நான் ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மச்சினன் மெஷின் வரும், நான் பழையபடி பிரிண்டரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான். பெங்களூர் வேலையை உதறிவிட்டு வந்ததற்கு நல்ல மரியாதை.

வாங்க: மோர், சேஃப்டி பின், தலைவலி மாத்திரை.

ஜூலை 22, செவ்வாய்

காற்று அதேதான். செக்கிங் மேஜையில் கடைசி நானூறு படங்கள். முதுகு போச்சு.

பொன்னம்மாள் அக்கா வேறு. செக்கிங் பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் தலைவி, வாய் ஓயாது. ஓட்டை கண்ணில் பட்டால் பக்கத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி டேமேஜ் கூடையில் போடுவார்கள். கூடையிலிருந்து நான் எடுத்துப் படம் பிடிப்பேன்.

"ஏனுங் மேடம், ஸ்டிக்கரப் பிச்சுட்டு படம் புடிக்கோணுமுங்களா, இப்படியேவா?"

காலையிலிருந்து பத்தாவது கேள்வி. "ஒட்டறது உங்க வேலை, ஒட்டுங்க. மத்தத கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனார். போகட்டும்.

இரண்டாவது விண்ணப்பம். 'நோக்கம்' என்ற கட்டத்தில் புரட்சி, எதிர்காலம் என்று ஒரு பக்கம் அளந்துவிட்டேன். ஏழே நிமிடத்தில் மறுப்பு. படித்திருக்கவே மாட்டார்கள்.

ஜூலை 24, வியாழன்

கம்பெனி கார்டைச் சேர்த்தால் நம்பிக்கை வரும் என்று கிளவுட் சப்போர்ட்டில் ஏதோ ஒரு ஜென்மம் சொன்னது. கார்டுக்கு ஓடிபி போவது யார் போனுக்கு? மச்சினன் போனுக்கு.

முதல் தடவை: சாப்பிடுகிறானாம்.
இரண்டாவது: கொமரலிங்கத்தில் தோப்புப் பார்க்கிறான், சிக்னல் இல்லை.
மூன்றாவது: ஒவ்வொரு எண்ணாக இழுத்து இழுத்துச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்தது. "என்னங் அவசரம்? சொல்லீட்டுத்தான இருக்கறேன்?" வேண்டுமென்றே.

நான்காவதில் ஓடிபி கிடைத்தது, மூன்றாவது விண்ணப்பமும் போட்டாயிற்று. நன்றி வேறு சொன்னேன், அவனுக்கு. வாயைக் கழுவ வேண்டும்.

ஜூலை 26, சனி

மூன்றாவது மறுப்பு. முதலில் வந்த அதே வரிகள், புள்ளிகூட மாறவில்லை.

இலவசமாக ஜிபியு கொடுக்கும் ஒரு தளத்தில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் ஓடிவிட்டுப் பாதியில் அறுத்துவிட்டது. டீ குடிக்கப் போனால் ஆள் செத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அறுப்பு. கத்திவிட்டேன். பேக்கிங்கில் இரண்டு பேர்: "மேடம் பாகல் ஹோ கயி." எனக்கு ஹிந்தி தெரியாதென்று நினைப்பு. ஆமாம், பைத்தியம்தான்.

அதே சூட்டில் நான்காவது விண்ணப்பம். பெரிய வார்த்தை எதுவும் இல்லை. "டி-சர்ட்டில் ஓட்டை இருக்கிறது. கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஜிபியு, ஒரு நாள். முடியாதென்றால் ஏனென்று ஒரு மனுஷன் எழுதவும்."

ஜூலை 29, செவ்வாய்

கிடைத்தது!! ஏன் கொடுத்தார்கள் என்றும் சொல்லவில்லை.

கிளவுட் கம்பெனியின் மும்பை சென்டரில் ஒன்றுகூடக் காலி இல்லை. எங்கேயோ ஒரு குளிர்தேசத்தில் இருந்தது. நம்மூர் பனியனை அங்கே உட்கார்ந்து பார்க்கப்போகிறது. பார்க்கட்டும். மதியம் ஓட ஆரம்பித்தாயிற்று. சோறு இறங்கவில்லை.

ஜூலை 30, புதன்

முடிந்தது. தனியாக எடுத்து வைத்திருந்த படங்களில் சோதனை: நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி. இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. கால் கிலோ ஜிலேபி வாங்கி, யாருக்கும் கொடுக்காமல் தின்றேன்.

வரட்டும் வெள்ளிக்கிழமை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காற்று இல்லை. புழுக்கம்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். முதலாளி, மச்சினன், பொன்னம்மாள் அக்கா. மேலே கேமரா, கீழே மேஜை. டேமேஜ் கூடையிலிருந்து பத்து பீஸ். பத்துக்கும் திரையில் சிவப்பு, 'டேமேஜ்'. முதலாளிக்குச் சிரிப்பு பிடிபடவில்லை. "பாத்தியா மாப்ள, நம்ம அம்மிணிய!"

மச்சினன் எழுந்து போய்த் தையல் லைனிலிருந்து நேராக ஒரு பீஸை எடுத்து வந்தான். விரல் நுழையும் ஓட்டை. வைத்தான்.

பச்சை. 'நல்லது.'

இன்னொன்று. எண்ணெய்க் கறை, உள்ளங்கை அகலம். பச்சை. கேமராவை நகர்த்தினேன், விளக்கைத் திருப்பினேன். பச்சை.

பொன்னம்மாள் அக்கா முன்னே வந்தார். பழுதே இல்லாத ஒரு பீஸை விரித்தார். ரோலிலிருந்து ஓர் அம்பைக் கிழித்து நடுவில் ஒட்டினார். கேமராவுக்குக் கீழே நகர்த்தினார்.

சிவப்பு. 'டேமேஜ்.'

ஓட்டையை அது பார்த்ததே இல்லை. நான் காட்டிய ஒவ்வொரு டேமேஜ் படத்திலும் அம்பு இருந்தது. அம்பைத்தான் படித்திருக்கிறது. சோதனைப் படங்களிலும் அதே அம்பு, அதனால்தான் தொண்ணூற்றொன்பது.

மச்சினன் ஓர் அம்பைத் தன் சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டு கேமராவுக்குக் கீழே குனிந்தான். சிவப்பு. விழுந்து விழுந்து சிரித்தான். முதலாளி சிரிக்கவில்லை.

"இதுக்கா அம்மிணி இத்தன நாளா அந்த ஜிபியு, ஜிபியுன்னு அழுத?"

பிறகு மச்சினன் பக்கம் திரும்பி, "உன்ற மெஷினும் வேண்டாம் மாப்ள. ஒண்ணும் வேண்டாம். செக்கிங்கப் பொம்பளைங்களே பாக்கட்டும்."

அவன் சிரிப்பு நின்றது. அதைப் பார்த்துக்கூட எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

தூறல். கிளவுட் கம்பெனியிலிருந்து மெயில்: உங்கள் வரம்பு ஒன்றிலிருந்து நான்கு ஜிபியுவாக உயர்த்தப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்? இப்போது நான்கு. காட்ட உருப்படியாக ஒரு டேமேஜ் படம் இல்லை. படங்கள் எல்லாவற்றையும் அழித்தேன்.

செக்கிங் மேஜைக்குப் போனேன். சண்டை போடத்தான்.

"தெரிஞ்சிருந்தும் ஏன்க்கா சொல்லல?"

"அன்னிக்கே கேட்டனுங்களே மேடம்."

"ஒருக்கா கேட்டீங்க. மறுபடி சொல்லியிருக்கலாமில்ல?"

கையிலிருந்த பீஸை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். ஓர் ஓட்டை. அம்பு ஒட்டிக் கூடையில் போட்டார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மறுக்கா நா எதுக்குங் சொல்லோணும்? இத உங்க கம்ப்யூட்டர் பாத்துக்கும். எங்க பன்னெண்டு பேத்த யாருங் பாத்துக்குவாங்க?"

முதலாளியை, மச்சினனை, கிளவுட்காரனை எல்லாம் திட்டி இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தப் பன்னிரண்டு பேர் எங்கே போவார்கள் என்று ஒரு வரி இல்லை. ஒரு நாள்கூடத் தோன்றவில்லை எனக்கு.

பொன்னம்மாளைத் திட்டி எழுதத்தான் நோட்டைத் திறந்தேன். வரவில்லை. பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டதாம், கூப்பிடுகிறார்கள்.