பதினோரு நோட்டுகளும் ஒரு தூக்கமும்

என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட தமிழ்ச்செல்வி பாப்பாவுக்கு,

தாய்மாமன் எழுதுகிறேன். உன் மாணவர்கள் உனக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். "அங்கிள், நீங்களும் ஒரு பக்கம் எழுதுங்க" என்று பர்வீன் கேட்டது. உன்னிடம் கடைசியாக ஆராய்ச்சி செய்த பண்ருட்டிப் பெண். ஒரு பக்கம் என்ன, புத்தகமே எழுதுவேன் என்றேன். எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் அந்த எட்டை என்னைப் போல இந்த ஜில்லாவில் யாரும் படித்ததில்லை.

பேனாவை எடுத்தால்தான் தெரிகிறது. நீ போய் நாற்பத்தோரு நாள். உங்கம்மா இன்னும் உன் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இங்கே உன் புகழுக்குக் குறைச்சலில்லை. மூளையைப் பற்றி எந்த நாட்டில் யார் எழுதினாலும் உன் பேரைப் போட்டே ஆகணும், இல்லாவிட்டால் அச்சில் ஏறாது என்று நெய்வேலி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். "அப்படியாண்ணே?" என்றான் டீ மாஸ்டர். "பின்ன? மைன்ஸ்காரன் தூக்கத்தை உலகத்துக்கே பாடமாக்கினவ யாரு?" என்றேன். ஷிப்ட் மாறி மாறித் தூங்குகிறவனுக்கு ஞாபகம் எப்படித் தேய்கிறது என்று நீ எழுதினாயே, அந்த முதல் கட்டுரையைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். துக்கம் மட்டுமில்லை பாப்பா. பயம்.

இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை இந்த மலரிலேயே சொல்லிவிடுகிறேன்.

படிக்கிற காலத்தில் நீ வந்து மைன்ஸில் என்னோடு வேலை பார்த்த இருபது பேருக்கு இருபது நோட்டுக் கொடுத்தாய். எப்போது படுத்தோம், எப்போது எழுந்தோம், அன்றைக்கு எதை மறந்தோம் என்று நாற்பது நாள் எழுதணும். "நடக்குமா மாமா?" என்றாய். "மாமன் கண்ணைக் காட்டினா மைன்ஸே உக்காந்து எழுதும்" என்றேன். எழுதியது ஒன்பது பேர். மற்றவர்கள் ஒரு வாரத்தில் கைவிட்டார்கள். "தூங்குறதே மூணு மணி நேரம், அதை வேற எழுதணுமா, போய்யா" என்று ஒருத்தன் நோட்டை என் சைக்கிள் கேரியரில் செருகிவிட்டுப் போனான்.

முடியவில்லை என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினோரு நோட்டையும் நானே எழுதினேன். நீல மை, கறுப்பு மை, பென்சில். நாலு நோட்டு இடது கையால். ஒருத்தனைத் தன் கல்யாண நாளையே மறக்கவைத்தேன். இன்னொருத்தன் செருப்பில்லாமல் வேலைக்குப் போனான். நீ வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் மாமா" என்று சிரித்தாய்.

அப்புறம் கட்டுரை வந்தது. உன்னை நாடு நாடாகக் கூப்பிட்டார்கள். நான் வெளியே எவ்வளவு பேசினேனோ, உள்ளே அவ்வளவு நடுங்கினேன். என் பொய்யின் மேலா நீ கட்டினாய்? ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாயே, அப்போதாவது கேட்டேனா?

போன வாரம் பர்வீன் உன் பெட்டிகளைக் கொண்டுவந்தது. உங்கம்மா தொட மாட்டேன் என்றாள். நான்தான் திறந்தேன். பதினோரு நோட்டும் நாடா போட்டுத் தனியாகக் கட்டியிருந்தது. மேலே உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: "மாமா எழுதியவை. ஆய்வில் சேர்க்கவில்லை. தூக்கிப் போடக் கூடாது."

பர்வீனிடம் கேட்டேன். "மேடம் ஒன்பது நோட்டைத்தான் எடுத்துக்கிட்டாங்க அங்கிள். மிச்சத்துக்கு அவங்களே வீடு வீடா போய் வேற ஆளுங்களைச் சேர்த்தாங்க. கட்டுரையோட முதல் பக்கத்துலயே இருக்கே" என்றது. இங்கிலீஷில் இருக்கிற அந்த முதல் பக்கம்தான் பாப்பா, கண்ணாடி போட்டு என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று நோட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நோட்டிலும் ஒரே விஷயத்துக்குக் கீழே உன் பென்சில் கோடு. நைட் ஷிப்ட் முடித்துப் படுத்த பதினோரு பேரும் காலை பத்து மணிக்கு மீன்காரர் சத்தத்தில் எழுந்திருக்கிறார்கள். டவுன்ஷிப்பில் ஆளுக்கொரு பிளாக்கில் குடியிருந்தவர்கள். அந்த மீன்காரர் குள்ளஞ்சாவடியிலிருந்து வந்து நம் தெருவில் மட்டும்தான் விற்பார். மறதியையெல்லாம் ஜோடித்த எனக்குத் தூக்கத்தை ஜோடிக்கத் தெரியவில்லை. என்னுடையதையே எழுதியிருக்கிறேன்.

கடைசி நோட்டின் உள்ளட்டையில் இன்னொரு வரி எழுதியிருந்தாய்: "பதினொன்றும் ஒரே ஆளின் தூக்கம். மாமா தூங்குவதே இல்லை."

அதனால்தானா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன்? எந்த நாட்டில் இருந்தாலும் முதல் கேள்வி, "தூங்குனீங்களா மாமா?" நான் ரிட்டையரான பிறகும் அதே கேள்வி. "கட்டை மாதிரி தூங்கினேன், இடி விழுந்தாலும் தெரியாது" என்பேன். அப்புறம் லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் அலோ அலோ என்பேன்.

பாப்பா, புது நோட்டு ஒன்று வாங்கிவந்திருக்கிறேன். ஒரே பேனா, வலது கை. உள்ளதை உள்ளபடி எழுதி, ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் படத்துக்கு முன்னால் வாசிப்பேன். இது மாமன் வாக்கு. முதல் பக்கம் எழுதியாயிற்று:

மதியம் இரண்டுக்குப் படுத்தேன். நாலுக்கு எழுந்தேன். தூங்கவில்லை. எதையும் மறக்கவில்லை.

உன் ஒரே தாய்மாமன்,
தங்கராசு