இடது பொத்தானில் ஒரு குச்சி

9.2, திங்கள்

காலையில் கடும் பனி. சானமாவு காட்டருகே ரோட்டில் யானை நிற்கிறதென்று பஸ்ஸை அரை மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். முதல் பீரியட் போச்சு.

வெள்ளிக்கிழமை கண்காட்சிக்குள் புராஜெக்ட் மாடல் செய்யணும். தலைப்பு: 'பயிற்சியில் கற்றது'. நான் நான்கு வாரம் இருந்தது ஒரு பிரஸ் ஷாப். தகட்டை அச்சில் வைத்து அடிக்கிற இடம். போட்டோ ஒன்றுகூட இல்லை. கேட்டிலேயே போன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். எல்லாம் ஞாபகத்திலிருந்துதான் செய்யணும்.

வாங்க: பசை, பேட்டரி, சின்ன மோட்டார், பச்சை பெயின்ட். ஷூ டப்பா, சிரிஞ்சு வீட்டில் உண்டு.

10.2, செவ்வாய்

மாடல் மெஷின் இறங்கி ஏறுகிறது! அம்மா நான்கு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுக்கா மூணு வருசம் படிக்கற?"

எனக்கோ கர்வம் தாங்கவில்லை. அகிலா அக்காவின் ஸ்டூல், எண்ணெய்த் துணி, இடது பொத்தானை அழுத்தியபடி செருகியிருக்கும் குச்சி (என் மாடலில் தீக்குச்சிதான்) வரை அப்படியே.

அக்காதான் அந்த மெஷின் ஆபரேட்டர். சிங்காரப்பேட்டைக்காரர், கான்ட்ராக்ட். நான்கு வாரமும் தன் டிபனில் பாதி எனக்கு.

11.2, புதன்

சார் மாடலைப் பார்த்தார். "இது என்னம்மா குச்சி?"

"மெஷினோட சேர்ந்தது சார். எப்பவும் இருக்கும்."

சார் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கணுமாம். கை உள்ளே மாட்டாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஒன்றைக் குச்சியால் அழுத்தி வைத்தால் சும்மாயிருக்கும் கை அச்சுக்குள் போகும்.

நான்கு வாரம் பார்த்தேன், தோன்றவே இல்லை. அரை நாள் நானே ஓட்டியிருக்கிறேன், இடது கையை உள்ளே விட்டு. பயிற்சியில் கற்றதாம்!

"வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனி மேனேஜரே மாடல் பாக்க வர்றாரு. அத எடுத்துடு," என்றார் சார்.

12.2, வியாழன்

அக்காவுக்கு போன். விஷயத்தைச் சொன்னதும்:

"எடுத்துடு கண்ணு. மேனேஜர் பாத்தா என் மெஷின்னு தெரிஞ்சிடும். நாளைக்கே கேட்டுல நிறுத்திடுவாங்க."

"கை போயிடுச்சுன்னா அக்கா?"

"ரெண்டு கையால அடிச்சா டார்கெட் வருமா? அவருக்குத் தெரியாமத்தான் அத்தன பேரும் ஓட்டிக்கினு கெடக்கறோம். நீ உன் மார்க்கப் பாரு."

கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. சொன்னால் அக்காவுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் என்றாவது விரல்.

சாயங்காலம் குச்சியைப் பிடுங்கினேன். பசைத் தடத்தின்மேல் பச்சை பெயின்ட். ஸ்டூலிலும் கொஞ்சம் பட்டுவிட்டது.

13.2, வெள்ளி

நல்ல வெயில். கண்காட்சியில் என் மேசை ஏழாவது.

மேனேஜர் போனில் கன்னடத்தில் யாரையோ திட்டிக்கொண்டே வந்தார். இடது கையில் போன். வலது பொத்தானை அழுத்தினார். இறங்கவில்லை.

"ரெண்டையும் அழுத்தணும் சார்," என்றேன்.

தலையாட்டினார். பேச்சை நிறுத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து இடது பொத்தானில் செருகினார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. வலதை அழுத்தினார். சிரிஞ்சு இறங்கியது, ஏறியது. இன்னொரு தடவை.

"குட்," என்றார். பேனாவை உருவிக்கொண்டு எட்டாவது மேசைக்குப் போய்விட்டார்.

சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவருக்குத் தெரியக் கூடாதென்றுதானே அக்கா அவ்வளவு பயந்தார்.

அக்காவுக்கு மூன்று தடவை போன் போட்டுவிட்டேன். எடுக்கவில்லை. இரண்டு மணி ஷிஃப்டு. மெஷினில் இருப்பார்.