ஏழாம் பாறையின் பூச்சியம்

18 ஜூன் 2008, புதன்
மழை விட்டது, காற்று விடவில்லை. நோர்வேயின் வடகோடிக் கரை. கிரிக்கே என்ற கடற்காகங்களின் கூடு எண்ணும் வேலை. ஆண்டுதோறும் அதே பத்துப் பாறைகள். இருவர் தனித்தனியே எண்ணி, முடிந்த பிறகே ஒப்பிடுவது. இன்று ஆறு முடிந்தது. விரல்கள் விறைத்துவிட்டன. மதியம் மறுபடி ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும். சம்பல் கொண்டுவராத என் புத்தியை என்ன சொல்ல!

19 ஜூன், வியாழன்
ஏழாம் பாறை. ஒரு கூடும் இல்லை. போன வருடம் காதைப் பொத்தவைத்த இரைச்சல். இன்று பழைய எச்சக் கறை மட்டும். தொலைநோக்கியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அழுகை வந்தது. காற்று என்று ஹெல்கெயிடம் சமாளித்தேன். எங்கள் குழுத் தலைவர். அவருடைய எண்ணிக்கையும் பூச்சியம்தான்.
பிறகு சாவகாசமாக, "கூடு இல்லையென்றால் அது கூட்டுப் பாறையே இல்லை. கணக்கிலிருந்து எடுத்துவிடு" என்றார்.
எடுப்பதா? செத்தவனை விட்டுவிட்டு மிச்சப் பேரிடம் சுகம் விசாரித்து, ஊரில் எல்லோரும் நலம் என்று எழுதுவது போல.

22 ஜூன், ஞாயிறு. புருசெத், ஒஸ்லோ
வீடு. நல்ல வெயில். துவைக்க மலையாக உடுப்பு. இவரிடம் குமுறினேன்.
"உமக்கேன் இந்தக் கொதி? பெரியாக்கள் சொன்னா எடுத்துவிடுமன்."
"அங்கை ஒண்டுமில்லை எண்டதைத்தான் நான் கண்டனான். கண்டதை எழுதாமல் விடுறதோ?"
குழம்பில் உப்புக் கூடிவிட்டது.

24 ஜூன், செவ்வாய்
ஒஸ்லோ அலுவலகம். எங்கள் எண்ணிக்கைகளை வரைபடமாக்குபவர் கார்த்திக், சென்னைக்காரர். அவர் திரையில் ஒன்பதே பாறைகள். ஒரு பாறைக்கு எத்தனை கூடு என்ற சராசரிக் கோடு போன வருடம் போலவே, ஒன்றும் நடக்காதது மாதிரி.
"ஹெல்கெ சார்தான் எடுக்கச் சொன்னார் மேடம். ஒரு பாறைதானே, விடுங்க."
"வாற வருசம் எட்டாவதும் வெறுமையாப் போனா?"
"அதையும் எடுக்கச் சொல்வாங்க."
"கடைசியா ஒண்டுதான் மிஞ்சினா?"
சற்றுத் திரையைப் பார்த்தார். "அப்பவும் கோடு இப்படியேதான் இருக்கும் மேடம்."
தெரிந்துகொண்டே வரைகிறார்!

25 ஜூன், புதன்
மேகமூட்டம். பால், வெங்காயம் வாங்க வேண்டும். காலையில் ஹெல்கெக்கு மின்னஞ்சல்: ஏழாம் பாறையைப் பூச்சியம் என்றே சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அறிக்கையில் என் பெயர் வேண்டாம்.
மதியத்துக்குள் பதில். ஒரே வரி. "உன் பெயரை எடுத்தாயிற்று, இனிய கோடை வாழ்த்துகள்."
இனிய கோடையாம்!