மூலை சீவிய உப்பு

ஜனவரி 12, 1947
முத்துக்கனிக்குப் பல் எட்டிப் பார்க்கிறது. என் மனைவி சந்தனமாரி தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அவள் தங்கை பிரசவத்தில் போனதிலிருந்து குழந்தை எங்களிடம்தான். பங்குனியில் அப்பன் பொன்னுதுரை கொழும்பிலிருந்து வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. அதை நினைத்தால் இவளுக்குச் சோறு இறங்குவதில்லை. எனக்கு மட்டும்?

ஜனவரி 19
முற்றத்தில் அகலமான பீங்கான் தட்டில் உப்புநீர் வைத்து உப்புப் படிகம் வளர்க்கிறேன். கம்பெனியில் நாளெல்லாம் உப்பைச் சோதிப்பவனுக்கு வீட்டிலும் உப்பு! படிகத்தின் பக்கங்களுக்கு எண்ணால் பெயர். சதுரப் பக்கம் 100; மூலையைச் சீவினால் வரும் முக்கோணம் 111. சதுரத்தில் சோடியமும் குளோரினும் மாறிமாறி உட்காரும். முக்கோணத்தில் ஒரே இனம் நெருக்கியடித்து நிற்கும், அதனால் நிலைக்காது. சாதாரண உப்பில் அதைப் பார்க்கவே முடியாது.

பிப்ரவரி 9
பார்த்துவிட்டேன். எல்லாப் படிகத்திலும் மூலை சீவியிருக்கிறது. தட்டில் யாரோ எதையோ கலந்திருக்கிறார்கள். யாரென்று தெரிந்தால் வீட்டில் வைக்கமாட்டேன் என்று கத்தினேன்.

பிப்ரவரி 10
சந்தனமாரி அழுதபடி வந்தாள். தினமும் குளிப்பாட்டி வெயிலில் விட்டதும், குழந்தை தவழ்ந்துபோய்த் தட்டுக்குள் உட்கார்ந்து ஒன்றுக்கிருந்துவிடுமாம்.

“வெயில்ல வத்திரும், உப்பு உப்பாத்தான இருக்கும்னு விட்டுட்டேன். அவள அனுப்பிராதீய.”

உப்பளத்துக்காரி, வெயிலை அவ்வளவு நம்பியிருக்கிறாள். சிரிப்பு வந்தது. நான் அனுப்பிவிடுவேன் என்று எப்படி நினைத்தாள்? — கத்தினேனே, பிறகென்ன நினைப்பாள்.

பிப்ரவரி 11
புத்தகத்தில் இருக்கிறது. மூத்திரத்திலுள்ள யூரியா அந்த முக்கோணத்தில் ஒட்டிக்கொண்டு அதை நிலைக்க வைக்குமாம். சந்தனமாரியிடம் சொன்னேன். அப்படியானால் பிள்ளை நல்லதுதான் செய்திருக்கிறாள் என்றாள்.

மார்ச் 23
பொன்னுதுரை தோணியில் வந்து இறங்கினான். குழந்தை அவனைக் கண்டு அலறி என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தது. நான் பேச வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“தம்பி, இவ இங்கனயே இருக்கட்டும். இவள விட்டு எங்களால இருக்க முடியாதுப்பா.”

கொழும்புக் கடையில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று அவனே சொன்னான்.

“என்னய அப்பான்னு சொல்லிக் குடுங்க அண்ணாச்சி. அது போதும்.”

மார்ச் 26
அவன் தோணி போய்விட்டது. சந்தனமாரி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

மே 18
காலைதோறும் பொன்னுதுரையின் போட்டோவைக் காட்டி ‘அப்பா’ என்று சொல்லிக்கொடுக்கிறேன். இன்று சொல்லிவிட்டாள், என் மூக்கைப் பிடித்துக்கொண்டு. கொழும்புக்கு இதை எப்படி எழுதுவது?