இரண்டு கட்சிக்கும் ஒரே கரண்டி

என் கோபக்காரிக்கு,

உன் அண்ணனும் நானும் பேசிவிட்டோம். "நீங்க ரெண்டு பேரும் பேசினாத்தான் வீட்டுக்கு வருவேன்" என்று மூன்று வாரமாக ரொசாரியோவில் உன் அம்மா வீட்டில் உட்கார்ந்திருக்கிறாயே, இனிப் பெட்டியைக் கட்டலாம்.

எட்டு மாதத்துக்கு முன், நாடு திவாலானதற்கு முதலாளித்துவம்தான் காரணம் என்று ஒஸ்வால்தோ அண்ணன் கத்தியதும், சோஷலிசம்தான் என்று நான் அடுப்பில் இறைச்சி கருகும்வரை கத்தியதும் உனக்குத் தெரியும். நேற்று மாலை விலைவாசியை எதிர்த்து புவெனஸ் அயர்ஸ் நகரமே தெருவில் இறங்கிப் பாத்திரம் தட்டியது. நம் தெருமுனையில் நான் சோஷலிசத்தைத் திட்டிக்கொண்டே தட்டினேன். எதிர்ப்பக்கம் அவர் முதலாளித்துவத்தைத் திட்டிக்கொண்டே தட்டினார். கேட்பவர்களுக்கு இரண்டும் ஒரே சத்தம்தான். திடீரென்று அவர் கரண்டி ஒடிந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"மாப்ளே, இன்னொரு கரண்டி இருக்கா?"

"இருக்கு. ஆனா இது உங்க ஆளுங்களைத் திட்டுற கரண்டி."

"சத்தம் வருமில்ல? குடுய்யா!"

எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு! அப்புறம் நம் வீட்டில் உட்கார்ந்து ஒரே குழலில் மாறி மாறி மாத்தே தேநீர் குடித்தோம். தப்பு யார்மீது என்பது மட்டும் முடிவாகவில்லை. போகட்டும், ஆளில்லாத வீட்டில் ஜெயித்துக்கொண்டே இருப்பது எனக்கு அலுத்துவிட்டது.

வியாழக்கிழமை பேருந்து நிலையத்துக்கு இருவரும் ஒரே காரில் வருகிறோம். வழியில் ரேடியோ போடமாட்டோம்.

இப்படிக்கு,
வாயை மூடக் கற்றுக்கொண்டிருக்கும்
உன் வீட்டுக்காரன்