மின்வெட்டு நேரத்து அம்மா

அப்பா,

உங்கள் செல்போனை யாழினியிடம் கொடுத்துவிட்டேன். மூலையில் விரிசல் விட்ட கண்ணாடியோடு நீங்கள் போனதிலிருந்து அது நான்கு மாதம் அலமாரியில் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் போட்டுப் பார்த்தேன், வேலை செய்தது. பள்ளி விடுமுறை முடியும்வரை அவள் என் போனைப் பிடுங்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

நான் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது, தண்ணீருக்குள் மணி அடித்தது போல. என் கை நின்றுவிட்டது. நான் சின்னவளாக இருந்தபோது நாம் டிவியில் பார்த்த கார்ட்டூன் குடும்பத்தின் ஃப்ளாஷ்பேக் சத்தம் அது. வழுக்கைத்தலை அப்பா தலையைச் சொறிவார், திரை நெளியும், அந்த மணி அடிக்கும், உடனே அவருக்குத் தலை நிறைய முடி முளைத்துவிடும். கதை பல வருஷம் பின்னால் போய்விடும். நீங்கள் கடைசியாகப் பார்த்துப் பாதியில் விட்ட இடத்திலிருந்து போன் தானாக ஓட்டிக்கொண்டிருந்தது. அறுபது வயதுக்கு மேல் நீங்கள் அதைத் தேடிப்பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அறைக்குள் உட்கார்ந்து செய்தி பார்க்கிறீர்கள் என்றே நினைத்திருந்தேன்.

திரையில் அந்தக் குடும்பத்து அம்மா சின்னப் பெண்ணாக இருந்தாள். இரட்டைச் சடை. கூடையில் ஒரு வாத்தோடு டிராம் வண்டியில் ஏறுகிறாள். டிக்கெட் கொடுக்கும் இளைஞன் வாத்துக்கும் டிக்கெட் எடு என்கிறான். அவள் சிரிக்கிறாள். சிரித்ததும் அவளுக்கு விக்கல் வருகிறது. வண்டி முழுக்கச் சிரிக்கிறது, விக்கல் நிற்கவே இல்லை.

"அம்மா, இது நம்ம பாட்டி கதைம்மா," என்றாள் யாழினி. "இவங்களுக்கு யாரு சொன்னாங்க?"

நான் பூண்டு வாசனைக் கையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்குப் புரிகிறது. அம்மா போனபோது எனக்கு மூன்று வயது, தம்பி கைக்குழந்தை. எனக்கு அம்மாவைப் பற்றி எதுவும் நினைவில்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு கல்யாணப் போட்டோ. அதிலும் அவள் குனிந்திருந்தாள். செங்கம் சாலையில் லைன் வீட்டில் குடியிருந்தோம். நீங்கள் திண்டிவனம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நாள் டூட்டி, ஒரு நாள் ஓய்வு. டூட்டி நாட்களில் பக்கத்து வீட்டு நசீமா அக்கா எங்களுக்குச் சோறு போட்டுவிடுவார். ஓய்வு நாட்களில் நீங்கள் துணி துவைத்து, சமைத்துவிட்டு, காலை பதினொரு மணிக்கு டிவி முன் உட்கார்ந்து அந்தக் கார்ட்டூனைப் பார்ப்பீர்கள் என்று அக்கா சொல்வார். நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்போம். மறு ஒளிபரப்பு மாலை ஆறரைக்கு. அந்த வருஷங்களில் மின்வெட்டு ஜாஸ்தி. ஆறு மணிக்குப் போனால் எட்டு மணிக்குத்தான் கரண்ட் வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எங்களுக்குக் கார்ட்டூன், அன்று வருவது வேறு பகுதி.

ஒரு நாள் இருட்டில் தம்பி கேட்டான்: "அவங்க வூட்டுக்கு மட்டும் ஃப்ளாஷ்பேக் இருக்குது. நம்ம வூட்டுக்கு இல்லையாப்பா?"

நீங்கள் மெழுகுவர்த்திக்கு முன்னால் உள்ளங்கையை மெதுவாக ஆட்டினீர்கள். சுவரில் நிழல் நெளிந்தது. வாயாலேயே மணி அடித்தீர்கள். "உங்கம்மா அப்ப இரட்டை சடை," என்று ஆரம்பித்தீர்கள். கீழ்பென்னாத்தூரில் பையில் கோழியோடு அம்மா உங்கள் பஸ்ஸில் ஏறினாள். கோழிக்கும் டிக்கெட் எடு என்று நீங்கள் வம்பு செய்தீர்கள். "உங்கம்மா சிரிச்சா விக்கல் வரும். செஞ்சி வர்ற வரைக்கும் விக்கல் நிக்கவே இல்ல. டிரைவர் வண்டிய நிறுத்தி தண்ணி குடுத்தாரு."

அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் எங்களுக்கு அம்மா இருந்தாள். கரண்ட் போனதும் நானும் தம்பியும் கைதட்டுவோம். தெருவில் எல்லோரும் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது கைதட்டிய வீடு நம்முடையது ஒன்றுதான். நசீமா அக்கா முறத்தோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்து கேட்பார். நான் பிறந்த கதையை நூறு தடவை கேட்டிருப்போம். பௌர்ணமி, கிரிவலக் கூட்டம், ஆட்டோ நகரவில்லை, வலியோடு இருந்த அம்மாவை ஓர் இளநீர்த் தள்ளுவண்டியில் உட்கார வைத்து நீங்கள் தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள். தம்பி விவரமானவன். "போன வாரம் வேற மாதிரி சொன்னீங்க" என்பான். "அது போன வாரம்பா" என்பீர்கள். அதற்கும் நாங்கள் சிரித்தோம். அந்தக் கார்ட்டூனிலும் அப்படித்தானே. பிள்ளைகளுக்கு வயதே ஏறாது, பழைய கதை மட்டும் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஐந்தாம் வகுப்பில் 'என் தாய்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். கோழி, விக்கல், இளநீர் வண்டி எல்லாவற்றையும் எழுதினேன். டீச்சர் வகுப்பில் வாசித்துக் காட்டினார். உங்களிடம் கையெழுத்துக்குக் கொண்டுவந்தேன். நின்றுகொண்டே இரண்டு முறை படித்தீர்கள். "நல்லா எழுதிக்கிறே பாப்பா," என்றீர்கள். கையெழுத்துப் போடவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். அதன் பிறகு இரண்டு மூன்று வாரம் கதை இல்லை. கரண்ட் போனால் சும்மா படுத்துக்கொள்வீர்கள். அம்மா ஞாபகம் வந்துவிட்டது போல என்று நாங்கள் கேட்காமல் இருந்தோம். பிறகு தம்பி அழுதான். நீங்கள் எழுந்து மெழுகுவர்த்தி ஏற்றினீர்கள்.

அடுத்த வருஷமே அந்தச் சானல் கேபிளில் வராமல் போனது. கதைகள் எங்களிடம் தங்கிவிட்டன. யாழினிக்குச் சிரித்தால் விக்கல் வருகிறது என்று முதலில் கவனித்தபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன். பாட்டி மாதிரியே என்று ஊரெல்லாம் சொன்னேன். நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள். "ஆமா" என்றுகூடச் சொன்னீர்கள்.

உங்களுக்காக நான் அழவில்லை, அப்பா. அன்று மதியம் சாப்பிட்டுப் படுத்தீர்கள், எழுந்திருக்கவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன், டீ சொன்னேன். வேங்கிக்காலில் நான் வேலை செய்யும் இ-சேவை மையத்தில், ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்கு வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் போட்டுத் தருகிறேன். உங்களுடையதையும் நானே தட்டச்சு செய்தேன். மனைவி பெயருக்கு எதிரே 'காலமானார்' என்று அடித்தபோதும் விரல் தயங்கவில்லை. கார்ட்டூனில் அந்த விக்கலைப் பார்த்த பிறகும் அப்படியே இருந்தேன். மிச்சப் பூண்டையும் உரித்து முடித்தேன். ஆனால் அன்றைக்கே உட்கார்ந்து மற்ற பகுதிகளையும் தேடினேன். நான் பிறந்த கதையும் இருந்தது. அங்கே திருவிழா ஊர்வலம், ஐஸ்கிரீம் வண்டி. மற்றபடி எல்லாம் அப்படியே.

தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். சென்னையில் அவன் ஆபீஸில் இருந்தான்.

"அப்ப இளநி வண்டி?"

"கார்ட்டூன்."

"என் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்பகூட அதச் சொன்னேன்கா," என்றான். பிறகு, "அப்ப அம்மாவப் பத்தி நம்மகிட்ட இன்னாதான் இருக்குது?" என்று கேட்டான்.

அதற்குப் பதில் தேடித்தான் அம்மாவின் ஊரான கீழ்பென்னாத்தூருக்குப் போனேன்.

பெரியம்மாவை, அம்மாவின் அக்காவை, நான் என் வாழ்நாளில் நான்கைந்து முறை பார்த்திருந்தால் அதிகம். அந்த வீட்டோடு நமக்குப் போக்குவரத்து இல்லை. தம்பி பிறந்த பிறகு அம்மா தாய்வீட்டிலேயே இருந்தாள், காய்ச்சல் வந்தது, மஞ்சள் காமாலை என்று தெரிவதற்குள் முடிந்துவிட்டது, நீங்கள் டூட்டியில் இருந்ததால் நேரத்துக்கு வரவில்லை என்று அவர்களுக்குக் கோபம். இவ்வளவும் எனக்குத் தெரியும். உங்கள் சாவுக்குப் பெரியம்மா வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனார்.

தகரக் கொட்டகை நிழலில் விதைக்கு வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உடைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"கோழியா? எங்க வூட்ல கோழியே வளக்க மாட்டோம். எங்கம்மாவுக்கு ஆவாது. பொண்ணு பாக்க வந்தாங்க, காபி குடிச்சாங்க, புடிச்சிக்குதுன்னாங்க. அவ்ளோதான்."

"விக்கல்?"

"அவளுக்கா? அவ சிரிச்சா சத்தமே வராது. வாயப் பொத்தினு உள்ள ஓடிடுவா."

"நான் பொறந்தது?"

"இங்கதான்டி, இந்த ஊரு ஆஸ்பத்திரில. மத்தியானம். தலைப்பிரசவத்த யாராவது புருஷன் வூட்ல வெச்சிப் பாப்பாங்களா?"

பார்க்க மாட்டார்கள்தான். நம் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? யாழினியைப் பெற நானே ஐந்து மாதம் உங்களோடு வந்து இருந்தேன். அப்போதும்கூட எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. தள்ளுவண்டியில் அம்மாவை அவ்வளவு தெளிவாகப் பார்த்து வைத்திருந்தேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். எங்களுக்கு ஒரே ஒரு அம்மா. அவளைப் பற்றி ஒன்றே ஒன்றாவது நிஜமாகச் சொல்லியிருக்கக் கூடாதா? அதைப் பெரியம்மாவிடம் வாய்விட்டே சொன்னேன். அவர் கடலை உடைப்பதை நிறுத்தினார்.

"அவருக்கு இன்னா தெரியும், சொல்றதுக்கு? நாலு வருஷம் குடும்பம் நடத்தினாரு. அதுலயும் பாதி நாளு பஸ்ல. மிச்ச நாளு தூங்கவே சரியா இருக்கும். அவளும் வாயத் தொறந்து பேசமாட்டா." மறுபடியும் ஒரு கடலையைக் கையில் எடுத்தபடி, "அவரு இங்க வந்து கேட்டாரு," என்றார்.

"எப்ப?"

"நீ நாலாவதோ அஞ்சாவதோ படிச்ச அப்ப. கையில ஒரு பேப்பரு. பாப்பா எழுதிக்குது, எல்லாம் தப்பு, நான்தான் கண்டதச் சொல்லிட்டேன்னாரு. சின்ன வயசுல எப்படி இருப்பா, இன்னா புடிக்கும், ஏதாவது சொல்லுங்க, புள்ளைங்களுக்குச் சொல்லணும்னு கேட்டாரு. காக்கி சட்டையோட வாசல்லயே நின்னாரு. எங்கப்பா அந்தப் பேப்பர வாங்கிக்கூடப் பாக்கல. உசுரோட இருந்தப்ப கேட்டிருக்கணும்னாரு. நாங்களும் உள்ளயே இருந்துட்டோம். தண்ணிகூட குடுக்கல."

அந்த இரண்டு மூன்று வாரம், அப்பா. நீங்கள் சும்மா படுத்திருந்த வாரங்கள். வெறுங்கையோடு திரும்பி வந்து, தம்பி அழுததும் எழுந்து, மறுபடியும் அந்த இளநீர் வண்டியையே தள்ளினீர்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், ஊர் வந்துவிட்டது. வேங்கிக்காலில் இறங்கிக் காய்கறி வாங்கினேன். யாழினியிடம் கதை எல்லாம் கார்ட்டூன் என்று சொல்லிவிட்டேன். "அப்ப எனக்கு எப்படி விக்கல் வருது?" என்று கேட்டாள். அது உன்னுடையது என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது.

இப்போது நான் எழுத வந்ததை எழுதிவிடுகிறேன். அந்த வாசலில் நீங்கள் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்குப் பெரியம்மா சொன்னார். அன்று உங்களுக்குச் சேர வேண்டியவை இவை.

அம்மா கத்திரிக்காய் சாப்பிட மாட்டாள், நாக்கு அரிக்கும். உங்கள் வீட்டில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள். ஒன்பதாவது வரை படித்தாள். கிணற்றில் நீந்துவாள், ஆண்பிள்ளைகளைவிட நன்றாக. பச்சைப் பாவாடை ஒன்றைக் கிழியும்வரை கட்டினாள். தம்பி பிறந்து தாய்வீட்டில் இருந்த மாதங்களில், திண்டிவனம் போகும் உங்கள் வண்டியின் ஹாரன் தூரத்தில் கேட்டதும், அவனைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் போய் நிற்பாள். வண்டி அங்கே நிற்காது. நீங்கள் உள்ளே கூட்டத்தில் குனிந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பீர்கள். "கூப்பிடேன்டி" என்று பெரியம்மா சொன்னாராம். "டூட்டில இருக்காரு, இன்னாத்துக்கு" என்றாளாம். வண்டி மறைந்ததும் உள்ளே வந்துவிடுவாள்.

"நீயும்தான் நிப்ப," என்றார் பெரியம்மா. "முந்தானையப் புடிச்சினு."

எவ்வளவு யோசித்தாலும் அந்த ரோட்டோரம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஆனால் நான் அங்கே இருந்திருக்கிறேன். அம்மாவோடு எனக்கு மிஞ்சியது அதுதான், அதை எந்தக் கார்ட்டூனிலிருந்தும் எடுக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் நின்று உங்களைப் பார்த்திருக்கிறோம். வண்டி தினமும் அந்த வழியாகத்தான் போகும். உங்களுக்கு டூட்டி இல்லாத நாளில் நாங்கள் போய் நிற்க மாட்டோமாம், அப்பா.